மறு: புனைவுலக அரசுகளின் பெயர்ப் பிணக்கு – கலைச்சொல்

வணக்கம்.

கற்பனை நாடுகளைப் படைத்து எழுதுகிறவர்களுக்கான சொற்பட்டியலில், பகை அரசுகள் பெயருக்காக மோதிக்கொள்வதைக் குறிக்க 'பெயர்வழக்கு' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. வழக்கு என்றால் நீதிமன்றமும் நினைவுக்கு வரும், உலக வழக்கும் வரும். "அந்நாட்டுப் பெயர்வழக்கு" என்று படித்தால், அங்கே குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் முறையைச் சொல்கிறார்கள் என்றே தோன்றும். எல்லைப் பிணக்கு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதே வரிசையில் 'பெயர்ப் பிணக்கு' போதும்.

என் கவலை வேறு. பட்டியலில் இருக்கிற அகப்பெயர் (ஒரு நாட்டவர் தம் நாட்டுக்குச் சொல்லும் பெயர்), புறப்பெயர் (வெளியார் அதற்குச் சொல்லும் பெயர்) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பிணக்குகளை விளக்க முடியாது. ஜெர்மானியர் தம் நாட்டை டாய்ச்லாந்து என்கிறார்கள், நாம் ஜெர்மனி என்கிறோம். அகப்பெயரும் புறப்பெயரும் இருக்கின்றன, சண்டை இல்லை.

கொரியாவைப் பாருங்கள். 1948இல் இரண்டு அரசுகள் உருவாயின. தெற்கில் உள்ளவர்கள் நாட்டை ஹன்குக் என்கிறார்கள், வடக்கில் ஜோசொன். தெற்கு நெடுங்காலமாக வடக்கை 'புக்ஹன்' என்று அழைத்துவருகிறது, அதாவது வட ஹன். வடக்கு தெற்கை 'நம்ஜோசொன்' என்றது, அதாவது தென் ஜோசொன். எதிரிக்கு வசைப்பெயர் வைக்கவில்லை, தன் பெயரையே திசை சேர்த்து வைத்தார்கள். 'நீ தனி நாடே இல்லை, என்னில் ஒரு பகுதி' என்பதுதான் அதன் பொருள். தென்கொரிய அரசியலமைப்பின் 3ஆம் பிரிவும் கொரியத் தீபகற்பம் முழுவதையும் தன் நிலப்பரப்பு என்றே சொல்கிறது.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். 2023இல் வடகொரிய அறிக்கைகளில் எதிரியின் முழுப்பெயரான தேஹன்மின்குக் வரத் தொடங்கியது. 2024 ஜனவரியில் ஒன்றிணைப்புக் கொள்கையையே கைவிடுவதாக அறிவித்தார்கள். எதிரியை அவன் சொந்தப் பெயரால் அழைத்தது மரியாதைக்காக அல்ல, உறவை அறுத்துக்கொள்வதற்காக. புனைவில் இரண்டு அரசுகளைப் படைக்கிறவர் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறுகிற இடத்தில் கதையே திரும்பலாம்.

புக்ஹன், நம்ஜோசொன் போல எதிரியைத் தன் பகுதியாகக் காட்டும் பெயருக்கு நான் முன்வைக்கும் சொல் 'அடக்குபெயர்'. ஆகுபெயர் போல வினைத்தொகை. அடக்குதலுக்கு உள்ளே கொள்ளுதல், ஒடுக்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு, இங்கே இரண்டும் வேண்டும். ஒருவர் 'விழுங்குபெயர்' என்றார். வேகமான சொல்தான், ஆனால் கலைச்சொல்லாகக் கட்டுரையில் நிற்காது.

மாசிடோனியா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இரண்டு தரப்பும் கேட்டது ஒரே பெயரை. கிரேக்கத்துக்குள்ளேயே மாசிடோனியா என்ற பகுதி இருப்பதால், 1991இல் விடுதலை பெற்ற அண்டை நாடு அதே பெயரை வைத்துக்கொண்டதைக் கிரேக்கம் ஏற்கவில்லை. 1993இல் ஐ.நா.வில் சேர்ந்தபோது 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகக் குறிப்புடன்தான் சேர முடிந்தது. கிரேக்கத்துடன் 2018இல் செய்துகொண்ட பிரெஸ்பா உடன்பாட்டுக்குப் பிறகு, 2019இல் வட மாசிடோனியா ஆனது. இந்த வகையைப் 'பெயருரிமைப் பிணக்கு' எனலாம்.

வட அயர்லாந்தின் டெர்ரி, லண்டன்டெர்ரி போல ஒரே ஊருக்கு இரு தரப்பும் வெவ்வேறு பெயர் சொன்னால், அது 'இருபெயர்ப் பிணக்கு'. புனைவில் இதை நிறையப் பேர் கையாள்கிறார்கள், விளக்கம் தேவையில்லை.

அடக்குபெயருக்கான பதிவை இப்படி இடலாம் என்று நினைக்கிறேன்:

அடக்குபெயர்: ஓர் அரசு, பகை அரசைத் தன் பகுதியாகக் காட்டும் வகையில் அதற்கு இடும் பெயர். எ-டு: "மலையரசின் வரைபடங்களில் கடல்நாடு, 'கீழ்மலை' என்ற அடக்குபெயரால் குறிக்கப்படுகிறது."

மாற்றுச் சொல் இருப்பவர்கள் இதே எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்.