ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வாசல் கேட்) சர்க்யூட் போர்டின் மேல் ஊற்றி மூட எந்தக் காம்பவுண்ட் (ஊற்றியபின் இறுகும் கலவை) சரி?

வணக்கம். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்த வீடு. ஆட்டோகேட் கண்ட்ரோல் போர்டு, 24 வோல்ட் டிசி, பெட்டி வெயில் படும் இடத்தில். போன வருடக் கடைசியிலிருந்தே உப்புக்காற்றில் செம்புத் தடங்கள் பச்சை பூத்து, கேட் பாதியில் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு எறும்பு வேறு உள்ளே கூடு கட்டுகிறது.

வினிகர் வாசம் அடிக்கும் ஹார்ட்வேர் கடை சிலிகானைத் தொடவில்லை. அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலமே செம்பை அரிக்கும். இரண்டு பாகம் கலக்கும் எபோக்சி ஊற்றினேன். கல்லாக இறுகியது. பகல் சூடு, இரவு மழை என்று மாறி மாறி விரிந்து சுருங்கியதில் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கால் சால்டரை விட்டே வந்துவிட்டது.

அடுத்து பாலியூரித்தேன். மென்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏர்கான் அறையில் வைத்து ஊற்றியும் உள்ளே குமிழ் குமிழாக நிற்கிறது. அதிலுள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். நம்ம ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்!

கடைசியாக பிளாட்டினம் சிலிகான், அதாவது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை. ஓரமெல்லாம் அருமையாக இறுகியது. சால்டர் பிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் போடும் பிசின்) இருந்த இடங்களைச் சுற்றி மட்டும் பலாப்பிசின் மாதிரி விரலில் ஒட்டுகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்துக் கழுவிய போர்டிலும் அதே கதைதான். வயர் மாட்டும் டெர்மினல்களை மட்டும் மூடாமல் எப்போதும் திறந்தே விட்டிருக்கிறேன்.

ஊற்ற வேண்டிய ஆழம் 15 மில்லிமீட்டர். பிளக்ஸ் இருந்தாலும் அடிவரை இறுகி, வெயிலில் வெடிக்காத, பினாங்கில் சில்லறையாகக் கிடைக்கும் காம்பவுண்ட் எது?