பவர் வீடரில் தேய்ந்த கத்தியும் வழுக்கிய போல்ட்டும்

ஆத்தூரிலிருந்து:

எங்களுடையது சரளை கலந்த செம்மண். மரவள்ளிக் காட்டில் களையெடுக்க 7 குதிரைத்திறன் டீசல் பவர் வீடர் வைத்திருக்கிறேன். போன பட்டத்தில் வண்டி மண்ணைக் கிளறாமல் மேலாகவே தத்தித் தத்தி ஓடியது. இன்ஜினில் இழுவை போய்விட்டது என்று நினைத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம். புதுக் கத்தி ஒன்றைப் பழையதோடு சேர்த்து வைத்தபோதுதான் புரிந்தது. பழையது இரண்டு விரற்கடை குட்டையாகி, முனை அரிவாள் நுனி போல மெலிந்திருந்தது.

கத்தியை மாற்றுவது பெரிய வேலையில்லை. போல்ட்டைக் கழற்றுவதுதான் வேலை. மண்ணில் உரசி உரசித் தலை உருண்டையாகிவிட்டது. 17-ஆம் நம்பர் ஸ்பேனர் வழுக்கி, என் விரல் முட்டி பெயர்ந்தது. டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தேன். பதினாறில் ஒன்பது வந்தன. மீதி ஏழையும் கிரைண்டரால் அறுத்தோம்.

அடுத்துச் செய்தது அதைவிட மடத்தனம். வீட்டில் கிடந்த சாதாரண போல்ட்டுகளைப் பூட்டினேன். இரண்டாம் நாளே மூன்று அறுந்து, ஒரு கத்தி வரிசைக்குள் எங்கோ போய் விழுந்தது. இன்னும் கிடைக்கவில்லை. இப்போது தலையில் 8.8 என்று வலிமைக் குறி பொறித்த போல்ட்டும், நைலான் வளையம் வைத்த நட்டும்தான் வாங்குகிறேன். புதிதாகப் பூட்டி அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, ஒருமுறை முடுக்கிவிடுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணா, உங்களுக்குக் கத்தி என்றால் எனக்கு ஆயில் சீல், அதாவது தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம். தோப்பில் வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. சீல் மாற்றியும் ஒரே வாரத்தில் மறுபடி ஒழுகியது. கத்திகளைத் தண்டோடு உருவிப் பார்த்தால், சீலை ஒட்டி உரமூட்டை தைக்கும் நூல் வளையல் போல இறுகிக் கிடந்தது. மூட்டையைப் பிரித்து நூலை அங்கேயே வீசியவன் நான்தான், வேறு யாரைத் திட்டுவது? சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கும். பழையதைக் கொண்டுபோனால் பேரிங் கடையிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து:

சிரிக்காதீர்கள், நான் கத்திகளை இடம் வலம் மாற்றிப் பூட்டியவன். கூர் விளிம்பு பின்னால் போய், முதுகு மண்ணில் அடித்தது. கைப்பிடியைப் பிடிக்கவே முடியவில்லை, வண்டி கிடா போலத் துள்ளியது. இப்போதெல்லாம் ஒரு கத்தியைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். எங்களுடையது பெட்ரோல் வண்டி. இன்ஜின் தற்செயலாகக் கிளம்பிவிடாமலிருக்க, ஸ்பார்க் பிளக்கின் கேப்பை உருவிவிட்டேனா என்று அப்பா குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர் என் கைக்கு வரும்.