தேவைகளைத் தேவைகளாக மாற்றுதல்: ஒரு சொல் வேண்டும்

முதல் மடல்:
அன்புடையீர், வணக்கம். மென்பொருள் பொறியியல் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. பயனருக்கு உள்ள ‘நீட்’ ஒன்று, அதை ஆராய்ந்து சோதிக்கத்தக்க வகையில் எழுதிவைக்கும் ‘ரெக்வயர்மெண்ட்’ வேறொன்று என்று ஐஎஸ்ஓ 29148 தரநூல் பிரிக்கிறது. நாம் இரண்டுக்கும் ‘தேவை’ என்றே எழுதிப் பழகிவிட்டதால், “தேவைகளைத் தேவைகளாக மாற்ற வேண்டும்” என்றொரு வரி கையேட்டில் நிற்கிறது. மெய்ப்புப் பார்த்த மாணவி அதை அச்சுப்பிழை என்று சுழித்திருக்கிறார். ‘ரெக்வயர்மெண்ட்’டுக்கு வேறு சொல் வேண்டும்.

மறுமொழி:
‘வேண்டற்பாடு’ என்று ஆளலாம், ஐயா. ‘படு’ என்பது முதனிலை திரிந்து ‘பாடு’ ஆகும். உடன்பாடு, கட்டுப்பாடு என்பவற்றைப் போல, வாய்ப்பேச்சாக இருந்த விருப்பம் ஒப்புக்கொண்ட நிலையை அடைந்துவிட்டதை அது உணர்த்தும். நான்காம் குறளிலேயே ‘வேண்டுதல்’ விருப்பைத்தான் குறிக்கிறது.

இன்னொருவர்:
விருப்பைக் குறிக்கிறது என்பதே என் தடை. “பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும்” என்று வாடிக்கையாளர் சொல்வது விருப்பம். “ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தாலும் 2 நொடிக்குள் திறக்க வேண்டும்” என்று எழுதினால்தான் சோதனையாளர் தேறியது, தவறியது என்று குறிக்க முடியும். தவிர, ‘வேண்டற்பாடு’ என்றால் எங்கள் குழுவினர் மொட்டையடிக்கும் நேர்த்திக்கடன் என்று நினைப்பார்கள். ‘தேவைக்கூற்று’ போதும். அதைவிட, எழுதியது எந்த நிரலில், எந்தச் சோதனையில் நிறைவேறியது என்று முன்னும் பின்னும் தொடர்ந்து பார்ப்பதற்குப் பெயர் வைப்பதே அவசரம், ‘தடங்காணல்’ என்பேன். 1999இல் நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்ததே, அதன் இடைமுக ஆவணத்தில் உந்துபொறியின் அளவுகளை நியூட்டன்-நொடி அலகில் தர வேண்டும் என்று எழுதித்தான் இருந்தது. தரைநிலைய மென்பொருள் பவுண்டுவிசை-நொடியில் தந்தது சோதனையில் சிக்கவில்லை.

‘வேண்டற்பாடு’ அன்பர்:
1997இன் ஆர்எஃப்சி 2119 என்ற இணைய நெறி ஆவணம் கட்டாயத்தை ‘மஸ்ட்’ என்றும் பரிந்துரையை ‘ஷுட்’ என்றும் பிரிப்பதை நம் ‘வேண்டும்’ கலந்துவிடுகிறது. கட்டாயமானதை வியங்கோளில் “காட்டுக” என்று எழுதலாமே?

மறுமொழி:
வியங்கோள் விதித்தலுக்கு மட்டுமன்று, வைதலுக்கும் வரும். வாடிக்கையாளர் பணிக்கிறாரா, வைகிறாரா என்று நிரலர் எப்படி அறிவார்?

முதல் மடல் எழுதியவர்:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘தேவைக்கூற்று’, ‘தடங்காணல்’ இரண்டுக்கும் நால்வர் இசைந்திருக்கிறார்கள். ‘ஷுட்’ அடுத்த பதிப்புக்கு இருக்கட்டும்.

‘வேண்டற்பாடு’ அன்பர்:
அச்சேறட்டும், என் மறுப்பையும் பதிந்துகொள்க. ‘கூற்று’ காலனுக்கும் பெயர், ஐயா.