ஆத்துத் தண்ணி கடல்ல இறங்கினா மீன் கூடுமா, குறையுமா?

பழையாறு பையன்:
மேட்டூர் நிரம்பினா போதும், டிவியில "கொள்ளிடத்துல தண்ணி வீணா கடல்ல கலக்குது"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. தாத்தாவுக்கு அதைக் கேட்டாலே கோவம் வரும். "கடலுக்குச் சோறு போடுறதே ஆறுதான்டா"ம்பார். ஆனா 2022 ஆகஸ்ட் வெள்ளம் கொஞ்சம் அடங்கினதும் மாமாவோட ஃபைபர் போட்டுல முகத்துவாரத்துக்கு வெளிய போனோம். வலையில ஆகாயத்தாமரையும் குச்சியும்தான். டீசல் காசுகூடத் தேறலை. யார் சொல்றது சரி?

வாடைக்காத்து:
தாத்தா சொன்னது சரிதான் தம்பி, நீங்க அவசரப்பட்டுப் போயிட்டீங்க.

பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிச்சப்போ வெள்ளாத்து முகத்துவாரத்துல வாராவாரம் தண்ணி எடுப்போம். கறுப்பு வெள்ளை பூசின தட்டு ஒண்ணைக் கயித்துல கட்டி இறக்கி, எவ்வளவு ஆழத்துல கண்ணுக்கு மறையுதுன்னு பார்க்கணும். செக்கி தட்டும்பாங்க. வெள்ள நாள்ல ஒரு முழம் இறங்குறதுக்குள்ள காணாமப் போயிடும். வெயிலும் அவ்வளவுதான் இறங்கும். தண்ணியில மிதந்து திரியுற பொடி உயிர்களை மிதவை உயிரின்னு சொல்வோம், அதுல செடி வகைதான் எல்லாத்துக்கும் அடிப்படை. இருட்டுல நாத்து விட்டு உரம் போட்டா முளைக்குமா? அன்னிக்கு எடுத்த தண்ணியை நுண்ணோக்கியில வெச்சா மண்ணும் மக்குமாத்தான் தெரியும்.

மண்ணு படிஞ்சு, செங்கலங்கல் முடிஞ்சு பச்சை தொடங்குற இடம் ஒண்ணு இருக்கும். அங்க நைலான் துணியில தைச்ச சின்ன வலையை இழுத்துப் பாருங்க, அடிக் குப்பியில பழுப்புக் கஞ்சி மாதிரி சேரும். அத்தனையும் டயட்டம், அந்தச் செடி வகையில ஒண்ணு. அதுலயே ஸ்கெலிடோனிமாங்குற இனம் மணி கோத்த மாதிரி நீளமா, காசினோடிஸ்கஸ் வட்டக் கண்ணாடிச் சில்லு மாதிரி. கண்ணாடின்னு சும்மா சொல்லலை, அதோட ஓடே சிலிக்காதான். அதுக்கு வேண்டிய சத்துல நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வயல்லேர்ந்தும் சாக்கடையிலேர்ந்தும் வந்துடும். ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கேட்டு பெரும்பாலும் பாறை கரைஞ்சு ஆத்தோட வரணும். டயட்டத்தைப் பொடி இறால் மாதிரி இருக்குற கோப்பிபாடு தின்னும், அதை நெத்திலி தின்னும். இதெல்லாம் நடக்க நாள் பிடிக்கும்ல?

கணக்கு வாத்தியார்:
எகிப்துல நடந்ததையும் சொல்லிடுறேன். நைல் வெள்ளம் வடிஞ்சதும் டெல்டாவுக்கு முன்னால டயட்டம் பொங்கும், மத்தி கூட்டம் கூட்டமா வரும். 1962-ல சுமார் 18,000 டன் பிடிச்சாங்க. 1964-ல அஸ்வான் உயர் அணை வெள்ளத்தை மறிக்க ஆரம்பிச்சுது. அந்தப் பத்தாண்டு முடியுறப்போ ஆயிரம் டன்கூட இல்லை.

உப்பளத்தான்:
வாத்தியாரே, பாதிக் கதையில நிறுத்திட்டீங்க. 80கள்ல அங்க மீன் திரும்பி வந்துச்சு. அணை அப்படியேதான் இருக்கு. வயல் உரமும் கெய்ரோ, அலெக்சாந்திரியா சாக்கடையும் கடலுக்குச் சத்து கொடுக்குதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

பழையாறு பையன்:
அப்போ கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுற வங்கக்கடல் அரபிக்கடலை மிஞ்சணுமே?

வாடைக்காத்து:
நல்லாக் கேட்டீங்க. மிஞ்சலை. சத்துல பெரும்பகுதி கரையோரத்துலயே தீர்ந்துடும். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி மேல ஆடை மாதிரி படிஞ்சுக்கும். அடியில இருக்குற சத்தைக் காத்து கலக்கி மேல கொண்டுவர முடியாது. அரபிக்கடல்ல தென்மேற்குப் பருவக்காத்து அடிச்சா அடித்தண்ணியே மேல வந்துடும். ஆகவே ஆறு கொழிக்க வைக்கிறது கரையை ஒட்டின கடலைத்தான். அடுத்த வெள்ளத்துல பச்சைக் கோடு தெரியுற வரைக்கும் பொறுத்துப் போங்க.

பழையாறு பையன்:
தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ஒரே சிரிப்பு. மாமா மட்டும் 2022 டீசல் காசை யார் தருவீங்கன்னு கேக்குறார்.