ஆலைக்கொத்து: பட்டறை தொடாத ரைபிளின் துல்லியத்துக்கு ஒரு சொல்

முனிர்கா எழுதியது:

வணக்கம். வேட்டை ரைபிள் தேர்வு பற்றிய கையேட்டின் தமிழாக்கத்தில் ஒரு சொல் இடிக்கிறது: 'அவுட் ஆஃப் த பாக்ஸ் அக்யூரசி'. குழலை மாற்றாமல், ட்ரிக்கரை மாற்றாமல், குழலைத் தாங்கும் கட்டைக்குள் எபாக்சி பசை ஊற்றாமல், வாங்கி வந்த நிலையிலேயே ரைபிள் எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்பதுதான் பொருள். வரைவில் 'பெட்டித்துல்லியம்' என்று போட்டிருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. ஆனால் தில்லி துக்ளகாபாத்தின் கர்ணி சிங் துப்பாக்கிச்சுடும் தளத்தில் பயிற்சி எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே சொல் தேவைப்படும். ரைபிளுக்குத் தமிழ்ச்சொல் புரிதுமுக்கியா வேறொன்றா என்ற பழைய சண்டை இந்த இழையில் வேண்டாம். இங்கே ரைபிள்தான்.

கரோல்பாக்:

பெட்டிக்கடை, பெட்டிச்செய்தி வரிசையில் பெட்டித்துல்லியமா? பெட்டியின் துல்லியம் என்றே படிப்பார்கள். 'இயல்துல்லியம்' அல்லது 'பிறவித்துல்லியம்' பார்க்கலாம்.

மயூர் விகார்:

முன்னொட்டை அப்புறம் பார்ப்போம் சார். சிக்கல் 'துல்லியம்' என்பதிலேயே இருக்கிறது.

ஐந்து துளையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கி, அந்தக் காசு கரும்புள்ளிக்கு ஒரு சாண் இடப்பக்கம் விழலாம். அல்லது ஐந்தும் கரும்புள்ளியைச் சுற்றிச் சாண் அகலத்துக்குச் சிதறலாம். முதலாவது குறையே இல்லை. ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், திருகைத் திருப்பினால் போயிற்று. பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு க்ளிக் கால் கலை, 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகரும். இரண்டாவதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. வாங்குகிறவர் பணம் கொடுப்பது சிதறாத ரைபிளுக்கு. பேச்சில் அக்யூரசி என்றாலும் அவர்கள் அளப்பது குரூப்பை, அதாவது துளைகள் சிதறியிருக்கும் அகலத்தைத்தான். அளக்கிற பொருளுக்கே பெயர் வைத்துவிடலாம்: கொத்து. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை என்பதற்கு ஆலை. இரண்டும் சேர்ந்தால் 'ஆலைக்கொத்து'.

கலை என்றதும் ஓவியம், நாட்டியம் என்று போகவேண்டாம். பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வருகிறதே, அதே கலை; ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்பது இதைத்தான். 100 மீட்டரில் 29.1 மி.மீ., 100 கஜத்தில் 1.047 அங்குலம். இதற்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

அளக்கும் முறையையும் பதிவில் சேர்க்க வேண்டும். மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்து, ஒரு குண்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். .308 அளவுக் குண்டு என்றால் 7.8 மி.மீ. வெளியளவு 33 மி.மீ. இருந்தால் கொத்து 25.2 மி.மீ.; 100 மீட்டரில் அது 0.87 கலை.

முனிர்கா:

'மாற்றம்' எங்கே தொடங்குகிறது? ஸ்கோப் பொருத்துவதும் மாற்றம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆர்.கே.புரம்:

இல்லை. ஸ்கோப் பொருத்துவது, குறியைச் சரிசெய்வது, திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டுவருவது, ட்ரிக்கரில் அவரே வைத்திருக்கும் திருகால் எடையைக் குறைப்பது எல்லாம் பயன்பாடு. முன்கட்டையைச் சுரண்டுவது, பெட்டிங் (உலோகம் கட்டையில் சரியாகப் படிய எபாக்சி ஊற்றுவது) போடுவது, குழல்வாயைத் திரும்பக் கடைவது, வேறு ட்ரிக்கர் மாட்டுவது மாற்றம். எளிய சோதனை: உலோகத்தையோ கட்டையையோ அறுத்தீர்களா, ஊற்றினீர்களா, வேறொன்று மாட்டினீர்களா?

கையேட்டில் இந்தச் சொல்லுக்கு அடியிலேயே கடையில் பார்க்க வேண்டியவையும் வரட்டும். சொல் வெறும் விளம்பர வாசகமாக நிற்கக்கூடாது. போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உருளையை) கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே மற்றது.

குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ரிசீவர் (குழல் பொருந்தியிருக்கும் உலோகப் பகுதி) வரை இழுங்கள். தடையில்லாமல் போனால் குழல் தனித்து நிற்கிறது. சுடும்போது குழல் அதிர்கிறது. கட்டை ஓரிடத்தில் தொட்டால் அந்த அதிர்வு மாறும்; குழல் சூடேற ஏற அழுத்தமும் மாறி, துளைகள் ஒரே பக்கமாக வரிசை கட்டும். மரக்கட்டையில் தில்லியின் ஆடி ஈரத்துக்கு ஒரு குறி, ஜூன் வெயிலுக்கு ஒரு குறி. இதோடு நிறுத்திவிடக் கூடாது. முன்கட்டையின் நுனியைக் குழலோடு சேர்த்து விரலால் அழுத்துங்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடும். தாள் சோதனையில் தேறி, இருகால் தாங்கியில் வைத்ததும் தோற்கிற ரைபிள்கள் இந்த வகைதான்.

அடுத்தது பெட்டிங், அதாவது உலோகம் கட்டையில் எப்படிப் படிந்திருக்கிறது என்பது. ஒரு விரலை ரிசீவரும் கட்டையும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். உலோகம் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் ரிசீவர் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பது வேறு கதை. திரும்ப இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். வெறும் மரக்கட்டைக்கு 4 முதல் 4.5 நியூட்டன் மீட்டர், திருகைச் சுற்றி அலுமினியத் தூண் வைத்ததற்கு 7 வரை என்பது பொதுவழக்கு. தயாரிப்பாளர் வேறு சொன்னால் அதுதான் சரி.

குழல்வாய் விளிம்பில் காது குடையும் பஞ்சைச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கம் முந்தும்; குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். ட்ரிக்கர் 1.2 முதல் 1.6 கிலோவுக்குள், இழுவையில் கரகரப்பு இல்லாமல் இருந்தால் வேட்டை ரைபிளுக்குப் போதும்.

பலரும் கேட்காமல் விடுவது, குழலுக்குள் இருக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்பதை. .223-ல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு நன்றாகப் போகும். 77 கிரெய்ன் நீளக் குண்டு நிலைகொள்ளாமல் தாளில் நீள்வட்டத் துளை போடும். ரைபிளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கரோல்பாக்:

கருத்தில் மறுப்பில்லை, சொல்லில் உண்டு. போர்ச் செய்திகளில் 'கொத்துக்குண்டு' வேறு பொருளில் நிலைத்துவிட்டது. விமானத்திலிருந்து போடுகிற சிதறு குண்டு அது. ஆயுதத் துறையிலேயே கொத்தை எடுத்து வேறொன்றுக்கு வைப்பது சரியா? கொத்துபரோட்டாவை நான் சேர்க்கவில்லை.

மயூர் விகார்:

நியாயமான தடை. முழுச்சொல்லைத் 'துளைக்கொத்து' என்று வைத்துவிட்டால் குழப்பம் தீரும். தாளில் தெரிவது துளைதான், குண்டு அல்ல. ஆலைக்கொத்து அதன் சுருக்கம். கொத்தோடு குண்டைச் சேர்த்து எழுதக்கூடாது என்று ஒரு குறிப்புப் போடலாம். பிறவித்துல்லியத்தை நான் ஏற்காததற்குக் காரணம், பிறவி என்றால் மாறாதது. இது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். ஒரு தோட்டாவில் 1 கலை தருகிற ரைபிள் வேறொன்றில் 2 தருவது அன்றாடம் நடப்பது. துக்ளகாபாத்தில் .22 சுடுகிறவர்கள் ஒரே பிராண்டிலேயே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) பார்த்து வாங்குவது அதனால்தான். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ., அதாவது 0.7 கலை.

முனிர்கா:

அப்படியானால் 'ஆலைக்கொத்து 1 கலை' என்று மட்டும் எழுதினால் போதாது.

ஆர்.கே.புரம்:

போதாது. எத்தனை துளை என்பதும் வேண்டும். டிக்கா டி3எக்ஸ் ரைபிளுக்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி மூன்று துளைக்கு 1 கலை. அதே குழுமத்தின் சாக்கோவில் ஐந்து துளை. வெதர்பி வேன்கார்டில் 100 கஜத்தில் மூன்று துளை, 0.99 அங்குலம்; ஆலைத் தோட்டாவோ உயர்தரத் தோட்டாவோ பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மூன்றும் ஏறத்தாழ ஒரே எண், ஆனால் ஒன்றல்ல. மூன்று துளைக் கொத்தின் சராசரி 1 கலை என்றால், கணக்குப்படி அதே ரைபிளின் ஐந்து துளைச் சராசரி சுமார் 1.27, பத்து துளைச் சராசரி 1.58 ஆகும். ரைபிள் கெடவில்லை; கூடுதலாகச் சுட்டால் ஓரத்துத் துளைகளும் சேரும். மெல்லிய வேட்டைக் குழலில் சூடும் கூடும் என்பதால், குழலைக் கையால் பிடிக்க முடிகிற வரை ஆறவிட்டு அடுத்த கொத்தைச் சுட வேண்டும்.

முனிர்கா:

பதிவு இப்படிப் போகிறது:

ஆலைக்கொத்து (ஆலைத் துளைக்கொத்து): அறுத்தல், ஊற்றுதல், உறுப்பு மாற்றுதல் எதுவும் செய்யாத ரைபிள் தரும் துளைக்கொத்தின் அகலம், கலையில். தூரம், துளை எண்ணிக்கை, தோட்டா மூன்றும் உடன் எழுதப்பட வேண்டும். எ.கா.: ஆலைக்கொத்து 0.9 கலை, 100 மீட்டர், 5 துளை,.308, 150 கிரெய்ன்.

கரோல்பாக் சார் மறுக்காவிட்டால் இதை ஏற்றிவிடுகிறேன். பெட்டிங்குக்குப் 'படுகை' என்று வரைவில் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

கரோல்பாக்:

மறுப்பில்லை. படுகைக்கு இருக்கிறது.