அப்பளத் தொழிலுக்கு கான்ஃபரன்ஸ் லைனா, மெசேஜ் குரூப்பா? எது சரிப்படும்?

கல்லிடை அப்பளம்:

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அம்மா நடத்திவந்த அப்பளத் தொழிலை இரண்டு வருஷமாக நான் பார்த்துவருகிறேன். காலையில் மாவு பிசைந்து உருண்டையாகப் பதினாலு வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம், அவர்கள் இட்டுக் காயவைத்துச் சாயங்காலம் கட்டுக் கட்டித் தருவார்கள். விற்பனைக்கு நாகர்கோவில், தூத்துக்குடி, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் என்று ஏஜெண்டுகள். ஆர்டர், ரேட், பார்சல் ரசீது எல்லாமே ஒரே வாட்ஸ்ஆப் குரூப்பில்தான் ஓடுகிறது.

இந்த வருஷம் இரண்டு அடி. முதலாவது, புது ரேட் லிஸ்டைக் குரூப்பில் போட்ட அன்று சாயங்காலமே அது எங்களுக்குப் போட்டியான ஒருத்தர் கையில் இருந்தது, மறுநாள் அவர் கட்டுக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டார். சரி, எழுத்தே வேண்டாம் என்று தினமும் காலை ஏழு மணிக்கு எல்லா ஏஜெண்டுகளையும் போனில் ஒன்றாகச் சேர்த்துப் பேச ஆரம்பித்தேன். அதில் வந்தது இரண்டாவது அடி. ஒருத்தர் பஸ்ஸில் போய்க்கொண்டே "இருபது பெட்டி" என்றிருக்கிறார், என் காதில் "அறுபது" என்று விழுந்தது. நாற்பது பெட்டி பார்சல் ஆபீசில் கிடந்து திரும்பி வந்தது, பாதி நொறுங்கிப்போய்.

இப்போது ஒரு கம்பெனிக்காரர் வந்து, மாதக் கட்டணத்தில் தனி ஆடியோ கான்ஃபரன்ஸ் லைன் தருகிறேன், எந்தப் போனிலிருந்தும் ஒரு நம்பருக்கு அடித்து பின் நம்பர் போட்டால் உள்ளே வந்துவிடலாம், முழுக்க செக்யூர் என்கிறார். மச்சானோ சிக்னல் ஆப்புக்கு மாறு, காசும் கிடையாது என்கிறான். எதை எடுக்க?

அம்பை நெட்வொர்க்:

தங்கச்சி, எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், சென்னையில் நெட்வொர்க் வேலைதான். அந்த "முழுக்க செக்யூர்" என்பதை மட்டும் அவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

நம்பருக்கு அடித்து உள்ளே வரும் கான்ஃபரன்சில் எல்லோருடைய குரலும் நடுவில் ஒரு சர்வருக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஆளுக்கு ஒன்றாகத் திருப்பி அனுப்புவார்கள், அதற்குப் பெயர் பிரிட்ஜ். கலக்க வேண்டுமென்றால் அந்த சர்வர் குரலைத் திறந்து கேட்டே ஆகவேண்டும். வழியில் பூட்டு இருக்கலாம், நடுவில் இருக்காது. ஜூமையே பாருங்கள், அதில் முனைக்கு முனை என்க்ரிப்ஷனை, அதாவது பேசுகிறவர் போனில் பூட்டிக் கேட்கிறவர் போனில் மட்டும் திறக்கும் பூட்டைப் போட்டுவிட்டால் சாதாரணப் போனில் டயல் செய்து உள்ளே வர முடியாது. அதற்காகப் பிரிட்ஜ் கெட்டது என்று அர்த்தமில்லை. கீபேட் போனிலும் எடுக்கும், நெட்டே வேண்டாம், அது பெரிய விஷயம். ஆனால் பெரும்பாலும் பின் நம்பரை ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் மாற்றுவதில்லை, நின்றுபோன ஏஜெண்டும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்பார். யாராவது சேர்ந்தால் ஒரு பீப் வருமே, அதைக்கூடச் சிலர் தொந்தரவென்று அணைத்துவிடுகிறார்கள்.

அதோடு நாலைந்து பேருக்கு லைன் எதற்கு? சாதாரண போனிலேயே மெர்ஜ் செய்தால் உங்களைத் தவிர ஐந்து பேர் வரை சேர்க்கலாம். வாட்ஸ்ஆப் குரூப் காலில் 32 பேர்.

இப்போது மெசேஜ். வாட்ஸ்ஆப்பில் 2016-லிருந்தே முனைக்கு முனை பூட்டு உண்டு, அதில் ஓடுவது சிக்னல் ஆப்பின் புரோட்டோகால், அதாவது அதே பூட்டும் முறைதான். ஆகவே மச்சான் சொல்கிற மாற்றத்தால் உங்கள் ரேட் லிஸ்ட் பிரச்சினை தீராது. டெலிகிராமுக்குப் போய்விடாதீர்கள், அதில் சீக்ரெட் சாட் தவிர மற்ற சாட் எல்லாம், குரூப் உட்பட, முனைக்கு முனை பூட்டு இல்லாதது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஸோஹோ கம்பெனியின் அரட்டை என்ற மெசேஜ் ஆப்பை நம்ம ஊர்ப் பாசத்தில் பலர் போட்டிருக்கிறார்கள், நானும் போட்டேன். 2025-ல் அது திடீரென்று பிரபலமானபோது கால்களுக்கு அந்தப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. வியாபாரத்துக்கு எடுப்பதென்றால் இப்போது எதற்கெல்லாம் பூட்டு இருக்கிறது என்று செட்டிங்கில் பார்த்துவிட்டு எடுங்கள்.

வாட்ஸ்ஆப்பிலேயே ஒரு ஓட்டை: கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்குத் தானாகப் பூட்டு விழாது, 2021-ல் அதற்குத் தனி வசதி வந்தது, நாம்தான் போய்ப் போட வேண்டும். லிங்க்டு டிவைசஸ் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள், கடைக் கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ திறந்த வாட்ஸ்ஆப் வெப் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

பணகுடி காற்று:

நமக்குக் காற்றாலை சர்வீஸ். மே முதல் செப்டம்பர் வரை பணகுடி, முப்பந்தல் பக்கம் வந்து பாருங்க, மேலே நாசெல்லில், அதான் இறக்கைக்குப் பின்னால் மெஷின் இருக்கும் கூட்டில், நிற்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அந்த நேரத்தில் "மெஷின் நிறுத்தியாச்சா" என்று போனில் கேட்டு, "ஆச்சு" என்றானா "ஆகல" என்றானா என்று யூகம் பண்ணிக்கொண்டு கையை உள்ளே விட முடியுமா? அதனால் எங்களிடம் ஒரே சட்டம்: நிறுத்தியதைப் பூட்டின போட்டோவோடு எழுதி அனுப்ப வேண்டும், மேலே இருப்பவன் மெஷின் நம்பரைத் திருப்பி எழுத வேண்டும், அப்புறம்தான் வேலை. போன் பேசுவது சாப்பாடு, லாரி, ஏன் லேட்டு, இதற்கெல்லாம்.

உங்களுக்கு விழுந்தது இருபது, அறுபது குழப்பம். ஆப் மாற்றினாலும் அது போகாது. பேசி முடித்த கையோடு ஆளுக்கு ஒரு வரி: "20 பெட்டி, ரெண்டு சைபர் இரண்டு". அவர் "20 சரி" என்று போடட்டும். போடாவிட்டால் பெட்டி ஏறாது. முதல் வாரம் கோபப்படுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

கல்லிடை அப்பளம்:

அண்ணாச்சி, "ரெண்டு சைபர் இரண்டு" என்றால் இருநூற்றிரண்டா?

பணகுடி காற்று:

சவத்த, நானே குழப்பிட்டேன். இரண்டு, சைபர். அவ்வளவுதான். எழுதும்போதே இந்தப் பாடு, பஸ்ஸில் பேசினால் கேட்கவா வேண்டும்.

பாளை கணக்கு:

கணக்கர் என்ற முறையில் ஒன்று. ரேட் வெளியே போகுதே என்று மறையும் மெசேஜைப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஏஜெண்ட் மூன்று மாதக் கடன் வைத்துக்கொண்டு "நான் எங்கே அறுபது பெட்டி கேட்டேன்" என்று நிற்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. போன் காலில் பேசியதும் அப்படித்தான், யார் யாருக்குச் சொன்னது என்பது காற்றோடு போயிற்று.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடப்பில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவை வழக்கில் கொடுக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் பிரிண்டை எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் பிடிப்பார். போனையே மாற்றிவிட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. ஆர்டர் மெசேஜ் இருக்கும் போனைப் பத்திரமாக வையுங்கள், மாதம் ஒரு தடவை சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். முக்கியமாக, ஆர்டருக்கு பில் போடுங்கள். மெசேஜ் பில்லுக்குப் பதில் ஆகாது.

பத்தமடை அக்கா:

எல்லாரும் ஏஜெண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பதினாலு வீட்டை யாரும் கேட்கவில்லையே. எனக்குப் பாய் வியாபாரம், எனக்கும் வீட்டில் இருந்து நெய்கிறவர்கள்தான். அவர்களில் பாதிப் பேருக்கு போனே சொந்தமில்லை, மகன் போன், மருமகன் போன். அவன் வேலைக்குப் போனால் போனும் போயிற்று. அந்தப் போனில் என்ன பூட்டுப் போட்டு என்ன, சாயங்காலம் அது வீட்டு நடையில் கிடக்கும், பேரப்பிள்ளை கேம் விளையாடும்.

அவர்களுக்கு எழுதி அனுப்பிப் பிரயோஜனமில்லை. குரல் மெசேஜ் போடுங்கள், வாட்ஸ்ஆப்பில் அதுவும் எழுத்து மாதிரியே பூட்டித்தான் போகிறது. ஆனால் நான் முதலில் செய்த தப்பைச் செய்யாதீர்கள். மூன்று நிமிஷம் பேசி அனுப்புவேன், நலம் விசாரித்து, கோரை வந்த கதை சொல்லி, கடைசியில் அளவு. அளவு எங்கே வருகிறது என்று அவர்களால் திரும்பத் தேட முடியாது. இப்போது ஒரு குரலுக்கு ஒரே விஷயம், பத்து விநாடி. மழை வருது, காயப்போட்டதை எடுங்க என்பது மாதிரி அவசரத்துக்கு மட்டும் நேரே போன்.

ரேட்டை அந்தக் குரூப்பில் போடவே போடாதீர்கள். ஏஜெண்டுகளுக்கும் குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் வையுங்கள். ஒவ்வொருத்தருக்கும் தனியாகப் போகும், மற்றவர் யாரென்று தெரியாது. உங்கள் நம்பரை அவர்கள் சேவ் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேட் லிஸ்டை மட்டும் ஒரு தடவை பிராட்காஸ்டில் போடாமல், ஆளுக்கு ஒரு சின்ன வித்தியாசம் வைத்துத் தனித்தனியாக, ஒருத்தருக்கு வரிசையை மாற்றி, ஒருத்தருக்கு ஒரு எழுத்துப்பிழை விட்டு அனுப்பிப் பாருங்கள். வெளியே போன லிஸ்ட் யாருடையது என்று தெரிந்துபோகும்.

அம்பை நெட்வொர்க்:

அக்கா சொன்ன கடைசி விஷயத்தை எங்கள் ஆபீசில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்கிறார்கள்.

கல்லிடை அப்பளம்:

கம்பெனிக்காரரிடம் லைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு இருக்கிற ஆளுக்கு மெர்ஜே போதும். ஏழு மணிப் பேச்சு இருக்கும், பேசி முடித்ததும் எண்ணை எழுதி, அவர்கள் திருப்பி எழுதினால்தான் பெட்டி. வீடுகளுக்குக் குரல். அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கிறேன், பத்து விநாடிக்குள் முடிக்கத்தான் முடியவில்லை.

நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நம்பராகப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. நாலு பேர் யாரென்றே எனக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் எங்களை விட்டுப் போன ஏஜெண்டுகள். ஒரு நம்பர் தூத்துக்குடி அண்ணாச்சியுடையது, அவர் போன ஆவணியில் காலமாகிவிட்டார், பதினாறாம் நாளுக்கு அம்மா போய்வந்தார்கள். ரேட் லிஸ்டை அழுத்திப் பிடித்து யார் யார் படித்தார்கள் என்று பார்த்தால், அன்று சாயங்காலம் 4:12-க்கு அவர் படித்திருக்கிறார்.

பணகுடி காற்று:

நம்பர் இப்போ யார் கையில இருக்கு?

கல்லிடை அப்பளம்:

பேரன் கையில். அவன் வேலை பார்க்கும் கடை எது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். முதல் வேலையாக அந்த நம்பரை நீக்கிவிட்டேன்.