லீகல் ரியலிசம்: தமிழில் என்ன சொல்வது?

செ. எழுதியது

அனைவருக்கும் வணக்கம். சட்ட மாணவர்களுக்கான நீதியியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க லீகல் ரியலிசம் பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். முதலில் 'சட்ட யதார்த்தவாதம்' என்றுதான் போட்டேன். வகுப்பில் வாசிக்கக் கொடுத்தபோது ஒரு மாணவி, 'ஏழைகளின் வாழ்வை உள்ளபடி சித்திரிக்கும் சட்டக் கொள்கை' என்று விடை எழுதிவிட்டாள். இலக்கிய வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்திருக்கிறது. தவறு அவளுடையதல்ல, சொல்லினுடையது.

விஷயம் இதுதான். நீதிமன்றங்கள் நடைமுறையில் என்ன செய்யும் என்ற முன்கணிப்பையே சட்டம் என்கிறேன் என்று 1897-இல் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் பேசினார். 1930 வாக்கில் கொலம்பியா, யேல் சட்டப் பள்ளிகளில் இருந்தவர்கள் அதை முன்னெடுத்தார்கள். விதியை மேலே போட்டால் தீர்ப்பு கீழே வந்து விழும் என்பது பொய் என்றார்கள். இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

மு. எழுதியது

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: வழக்கியல். விளங்கு விளக்கு ஆவதுபோல, முழங்கு முழக்கு ஆவதுபோல, வழங்கு வழக்கு ஆயிற்று. மக்களிடையே வழங்குவது வழக்கு. மன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. 'வழக்கும் செய்யுளும்' என்று தொல்காப்பியப் பாயிரம் இரண்டையும் பிரித்து நிறுத்துகிறது. கொலம்பியாவில் இருந்த லுவெலின் 1930-இல் ஏட்டில் இருக்கும் விதி, நீதிமன்றம் உண்மையில் பின்பற்றும் விதி என்று பிரித்தாரே, அவருக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். உலக வழக்கு, இழிவழக்கு, பெருவழக்கு, அருகிய வழக்கு என்று கிளைகளும் தயாராக இருக்கின்றன. வழங்கு என்பதன் வேர் குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

தே. எழுதியது

புலவர் ஐயா, முப்பது வருஷமாக நீதிமன்றத்துக்குப் போய்வருகிறேன். வழக்கியல் என்றால் என் குமாஸ்தா, வழக்கு எண் போடும் பிரிவா என்று கேட்பார். மரபாய் வந்த வழக்காற்றுச் சட்டம் வேறு பக்கத்திலேயே நின்று குழப்பும். அப்புறம், வழக்கெனப்படுவது உயர்ந்தோர் மேற்றே என்று அதே தொல்காப்பியம்தானே சொல்கிறது? உயர்ந்தோர் சொன்னதை அப்படியே ஏற்காதவர்கள் இந்த லீகல் ரியலிஸ்டுகள். ரொட்டிக் கடைத் தொழிலாளிக்கு வாரம் அறுபது மணி நேர வரம்பு வைத்த நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பொதுக் கோட்பாடுகள் குறிப்பிட்ட வழக்கைத் தீர்மானிப்பதில்லை என்று ஹோம்ஸ் அதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சரி, யதார்த்தவாதமே இருக்கட்டும். அடிக்குறிப்பு ஒன்று போட்டால் போதும்.

இ. எழுதியது

யதா, அர்த்தம் இரண்டும் வடசொல். மாணவருக்குப் புரியவில்லை என்ற பிறகும் அதை ஏன் சுமக்க வேண்டும்? மெய்ம்மையியல் எனலாம்.

செ. எழுதியது

இ. அவர்களே, அதுதான் கூடாது. மெய்யியலில் ரியலிசம் என்றால், நீதி, நன்மை போன்ற பொதுமைகள் நம் மனத்துக்கு வெளியே உண்மையாகவே இருக்கின்றன என்ற கட்சி. லீகல் ரியலிஸ்டுகள் நேர் எதிர்க் கட்சி. பென்சில்வேனியா நிலக்கரிக் கம்பெனி ஒன்றின் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டபோது, கம்பெனி 'இங்கே இருக்கிறதா' என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. 1935-இல் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் கோஹன் அதைப் பிடித்துக்கொண்டார். கம்பெனியைக் கண்ணால் கண்டவர் யார்? இங்கே வழக்குத் தொடர அனுமதிப்பதால் யாருக்கு என்ன விளைவு என்றல்லவா கேட்க வேண்டும் என்றார். அவரை மெய்ம்மைவாதி என்றால் பொருளே தலைகீழாகிவிடும். 'சட்ட நடப்பியல்' எப்படி?

மு. எழுதியது

நடப்பியலும் இலக்கியத் திறனாய்வில் இருக்கிறதே அம்மா, அந்த மாணவி மறுபடியும் அதையேதான் எழுதுவாள். அது கிடக்கட்டும். இன்னொரு லீகல் ரியலிஸ்டான ஜெரோம் ஃபிராங்க் விதியைவிட, சாட்சியை நம்பி உண்மையைக் கண்டறிவதையே அதிகம் சந்தேகித்தார். கோவலன் வழக்கும் அதுதான். திருடனைத் தண்டிக்கும் விதியில் பிழையில்லை. பொற்கொல்லன் வாய்ச்சொல்லை விசாரிக்காமல் நம்பியதில்தான் பிழை. மதுரை எரிந்தது சட்ட விதியாலல்ல, சாட்சியத்தால்.

தே. எழுதியது

ஐயா சொன்ன கோவலன் செய்தி அருமை. எனக்கு இதுவரை தோன்றவில்லை. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. நடப்பியலுக்கே என் வாக்கு. 'சட்ட' என்ற அடை முன்னால் நின்றால் ஓரளவு தாங்கும்.

இ. எழுதியது

நானும் சரி என்கிறேன். வடசொல் இல்லை, அந்த மட்டில் மகிழ்ச்சி.

செ. எழுதியது

சட்ட நடப்பியல் என்றே அனுப்பிவிட்டேன். முதல் பத்தியில், இலக்கிய நடப்பியலுக்கும் இதற்கும் உறவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். லுவெலின் பகுதியில் மட்டும் மு. ஐயாவின் 'வழக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அவருடைய பிரிவை ஏட்டு விதி, வழக்கு விதி என்று போட்டிருக்கிறேன்.

மு. எழுதியது

நன்றி அம்மா. ஆனாலும் நடப்பு என்றால் எனக்கு நடப்புக் கணக்கும் நடப்பாண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் வழக்கியல் என்றே எழுதுவேன். வழங்கு பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.